அம்மாவின் போனில் அப்பா

1

அப்பா இறந்து நான்கு வருடம் கழித்து, போன மாதம் ஒரு சாயங்காலம், அவரிடமிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது.

அம்மா அப்போது ஜீப்பில் இருந்தாள். கோம்பையிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களில் அவளும் ஒருத்தி. தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. வேலை முடிந்து இறங்கும்போது, ஒரு வளைவு தாண்டியதும் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரியும். அங்கே வைத்துத்தான் எல்லாருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வரும். அன்றைக்கு முதலில் அடித்தது அம்மாவின் போன். மடியிலிருந்து எடுத்துப் பார்த்தால், திரை முழுக்க அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் மயிலு அக்கா. அம்மாவோடு இருபது வருடமாக ஒரே ஜீப்பில் போகிறவள்.

“ஏ செல்லத்தாயி, ஒம் வீட்டுக்காரவுக கூப்பிடுறாகடி. எடுத்து என்னான்னு கேளு” என்றாளாம், பழைய பழக்கத்தில். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கிறது. ஜீப்பில் பேச்சு நின்றுவிட்டது. விவரம் தெரியாத புது டிரைவர் மட்டும், “யாரு போனு அது? எடுங்கம்மா, காது கிழியுது” என்று கத்தியிருக்கிறான். யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

இதை மயிலு அக்கா எனக்குச் சொன்னபோது நான் ஜெர்மனியில், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். “ஒங்கம்மா அதுக்கப்பறம் ஊரு வர்ற வரைக்கும் வாயே தெறக்கல பிள்ள. போன ரெண்டு கையிலயும் பிடிச்சிக்கிட்டே வந்தா” என்றாள்.

2

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. நர்சிங் படித்து, ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதித் தேறி, இங்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். யாரும் தூக்கி வைத்த இடம் இல்லை இது.

படிக்கும்போது கிடைத்த உதவித்தொகையை மிச்சம் பிடித்து முதன்முதலாக ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். வாங்கிய அன்றே அதைத் தூக்கிக்கொண்டு அப்பா வேலை பார்த்த திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா கவாத்து வெட்டுகிறவர். பந்தலுக்குக் கீழே கைகளைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். “அப்பா, இங்கன பாருங்க” என்றேன். “இருத்தா, தலய சீவிட்டு வாரேன்” என்று திரும்பினார். அதற்குள் எடுத்துவிட்டேன். எடுத்தது தெரிந்து, ஏமாந்துவிட்டோம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் எடுத்தேன். முகத்தில் இலை நிழல், தோளில் துண்டு, வாய் நிறையப் பல். அவர் தயாராகாமல் இருக்கும்போது எடுத்த ஒரே படம் அதுதான்.

பிறகு நான் புதுப்போன் வாங்கியதும் பழையது அம்மாவுக்குப் போனது. பெயரைப் படிக்க முடியாதவளுக்கு எப்படி நம்பர் பதிவது? நான் ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்தேன். ஜீப் டிரைவருக்கு ஜீப். தோட்டத்துக் கங்காணிக்கு ஒரு கை ஏலக்காய். சமையல் கேஸுக்குச் சிவப்பு சிலிண்டர். தம்பி முத்துவுக்கு அவனுடைய பைக், ஏனென்றால் அவன் முகத்தைவிட அதுதான் அவனுக்குப் பிடிக்கும். உத்தமபாளையத்துப் பெரியம்மாவுக்கு இரண்டு மூக்குத்தியோடு அவளுடைய முகம். அப்பாவுக்குத் திராட்சைப் பந்தல் படம். எனக்கு, கறுப்பு அங்கி போட்டு பட்டம் வாங்கிய படம். அம்மா விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். வேண்டிய ஆளைத் தொடுவாள். அந்தப் படம் திரை முழுக்க விரிந்து, மணி போகும். அதற்கு முன்னால் ஒரு போன் பண்ண வேண்டுமென்றால் யாராவது ஒரு பையனைப் பார்த்து நிற்பாள். அதன்பிறகு யாரையும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா இறந்த பிறகு வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. முத்து அவசரத்தில் ஆதார் அட்டையைக் கம்பத்து ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டான். அவர்கள் முகத்தை வெட்டி எடுத்து, கோட்டு மாட்டி, பின்னால் நீலத் திரை வைத்துப் பெரிதாக்கித் தந்தார்கள். மாலை போட்டாயிற்று. அம்மா அதற்குத் தினமும் விளக்கு ஏற்றுவாள். ஆனால் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “அங்கன மாட்டிருக்கிறது யாரோ தாசில்தாரு மாதிரி இருக்கு. ஒங்கப்பா போன்லதான் இருக்காக.”

3

இங்கே விசாவைப் புதுப்பிக்கப் போனபோது நான் கொண்டுபோன படத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பல் தெரிகிறதாம். வாய் மூடியிருக்க வேண்டும், முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது, அப்போதுதான் அது நான் என்று இயந்திரத்துக்குத் தெரியும். அந்த அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். பதற்றத்தில் நான் அவரை ஒருமையில் அழைத்துவிட்டேன். பெரியவர்களை ‘வந்தாக, போனாக’ என்றே பேசி வளர்ந்த வாய்க்கு, இந்த மொழியில் மரியாதை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னும் பழகவில்லை. காது சிவக்க வெளியே வந்து, கீழேயிருந்த, காசு போட்டால் தானே படம் எடுக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து, சிரிக்காத ஒரு முகத்தை எடுத்துக் கொடுத்தேன். அடையாள அட்டையில் இருப்பவளை எனக்கே அவ்வளவாகத் தெரியாது.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. அவளுடைய கிண்டர்கார்டனில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே பெயர் கிடையாது, படம்தான். ஒருவனுக்கு வாத்து, ஒருத்திக்குக் குடை, யாழினிக்கு நத்தை. சேர்த்த புதிதில் எனக்கு அது பிடிக்கவில்லை. “என் பிள்ளைக்குப் பெயர் எழுதத் தெரியும்” என்று ஆசிரியையிடம் கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன். முதல் தலைமுறையாகப் படித்தவளுக்கு எழுத்து என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அவர் சிரித்தார். “தெரியாத பிள்ளைகளும் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டுமே” என்றார். எனக்கு உடனே அம்மாவின் போன் ஞாபகம் வந்தது. அதன்பிறகு நத்தையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

யாழினி வீடியோ அழைப்பில் அம்மாவைப் பார்த்து ‘ஓமா’ என்கிறாள். இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அம்மாச்சி என்று சொல்லச் சொன்னால் சொல்லுவாள்; அடுத்த நிமிடம் மறுபடி ஓமா. “என்னமோ கூப்பிடட்டும், என்னையத்தான கூப்பிடுறா” என்பாள் அம்மா. இரண்டு வார்த்தை பேசிவிட்டு யாழினி விளையாட ஓடிவிடுவாள். அம்மா காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

4

போன் எப்படி வந்தது என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. அப்பாவின் நம்பருக்கு நாங்கள் யாரும் பணம் போடவில்லை. கம்பெனி அதை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு ஒன்று. இந்த நான்கு வருடமும், வேலை விட்டு வந்து முகம் கழுவி விளக்கேற்றியதும், அம்மா அப்பாவின் படத்தைத் தொட்டு வந்திருக்கிறாள். படம் பெரிதாகும். ‘நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண் குரல் சொல்லும். அது சொல்லி முடிக்கிற வரைக்கும் அம்மா அவரைப் பார்ப்பாள். பிறகு போனை வைத்துவிட்டு உலை வைக்கப் போவாள். நான்கு வருடம்.

திடீரென்று ஒருநாள் அந்தப் பெண் குரல் இல்லை. மணி போனது. அம்மா பயந்து கட் பண்ணிவிட்டாள். ஆனால் மறுநாளும் தொட்டாள். அதற்கு மறுநாளும். அந்தப் பக்கம் இருந்தவர் ஜெயமங்கலத்துக்காரர். சின்ன லோடு வண்டியில் தேனி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர். தினமும் பொழுது சாயும் நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால். அவர்தான் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார், அம்மா ஜீப்பில் இருந்தபோது.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போன் வந்தது. மறுபடி அப்பாவின் முகம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் நின்று, எடுத்தாள்.

“யாருடி நீ? வெளக்கு வைக்கிற நேரத்துல எம் புருசனுக்கு மிஸ்டு கால் விடுறவ?”

அப்பாவின் சிரித்த முகத்திலிருந்து ஒரு பெண் குரல் திட்டியது. அம்மா போனைக் கீழே போட்டுவிட்டாள். திரை ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது.

முத்து அதை எடுத்து, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, விவரம் சொல்லியிருக்கிறான். பிறகு அம்மாவிடம், “இந்த நம்பர அழிச்சிருவோம்மா. அசிங்கமாப் போச்சு” என்றிருக்கிறான். அம்மா அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

5

அடுத்த நாள் நான் கூப்பிட்டபோது அம்மாவின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அதற்கு மறுநாளும். தொலைவில் இருப்பவர்களுக்கு அணைந்த போன் என்றால் என்னவென்று தெரியும். வார்டில் ஊசி போடும்போதுகூட மலைப்பாதை வளைவுகள்தான் கண்ணில் ஓடின. கடைசியில் முத்துவின் போனில் அம்மாவைப் பிடித்தேன்.

“ஏம்மா போன அணைச்சு வச்சிருக்க? எனக்கு உயிரே இல்ல இங்கன.”

“ஒந்தம்பி அவுகள அழிக்கப் போறேங்கிறான்த்தா.”

முத்து பின்னாலிருந்து கத்தினான். “நம்பரத்தாங்க்கா அழிக்கச் சொன்னேன். அப்பாவயா அழிக்கச் சொன்னேன்?”

“எல்லாம் ஒண்ணுதான். நீ சும்மா இருலே.”

நான் படித்தவள், எனக்கு வழி தெரியும் என்று நினைத்தேன். நம்பரை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைக்கச் சொன்னேன். முத்து செய்து காட்டினான். தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. படம் நகத்தளவு கிடந்தது. அதே படத்தைத் திரையின் முகப்பில் பெரிதாக வைக்கச் சொன்னேன். ஜீப் டிரைவருக்குப் போன் பண்ணப் போனாலும், மணி பார்த்தாலும் அப்பா இருப்பார். அம்மா இரண்டு நாள் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல சும்மா இருக்காக. செவுத்துல இருக்கிற மாதிரி.”

“அதே படந்தானம்மா.”

“படம் அதேதான். கூப்பிட மாட்டேங்கிறாகளே.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் பாதி பயம். “அம்மா, கூப்பிட்டது அப்பா இல்ல. ஜெயமங்கலத்துல யாரோ ஒரு ஆளு. அது உனக்குப் புரியுதா இல்லயா?”

அம்மா நிதானமாகப் பேசினாள்.

“எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அவுகள எங்கன பொதைச்சோம்னு எனக்குத் தெரியாதா? எடுத்தா வேற ஆளு. அது தெரியும். எடுக்காம இருக்கிற வரைக்கும் அவுகதானத்தா.”

அப்பாவின் நம்பரைப் பழையபடியே போட்டுவிடச் சொன்னேன் முத்துவிடம்.

இங்கே வார்டில், வயதான நோயாளிகள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். சார்ஜ் குறைந்தால் மருந்து தாமதமானதைவிட அதிகமாகப் பதறுவார்கள். எல்லாரும் இந்தக் கருவிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று நானும் ஓய்வறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை. ஒருவர் கையில் இருப்பது கருவியா, ஆளா என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அம்மாவின் போன் பழையது. ஓரத்தில் கீறல். பேட்டரி அரை நாள்தான் நிற்கும். முத்து புதுப்போன் வாங்கித் தருவதாகப் பலமுறை சொல்லிவிட்டான். வேண்டாம் என்று அவள் சொன்னதைச் சிக்கனம் என்றே நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

6

அந்த வாரக் கடைசியில் ஜெயமங்கலத்துப் பெண், அன்றைக்கு முத்து கொடுத்திருந்த அவன் நம்பருக்குப் போன் பண்ணி, அம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். முத்து தயங்கித் தயங்கித்தான் கொடுத்திருக்கிறான்.

“அக்கா, அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சிக்கிராதீக. இவுக பண்ற லோடுக்கு ராத்திரி பகல் தெரியாது. அந்தக் கடுப்புல பேசிட்டேன்.”

“நானா இருந்தாலும் அப்படித்தான் பேசிருப்பேன் தாயி. நீயாவது யாருடின்னு கேட்ட. நான் வெளக்கமாத்தோட பஸ் ஏறிருப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பெண் சொன்னாள்: “வேணும்னா நீங்க பழையபடி அடிங்கக்கா, நாங்க எடுக்கல. இல்லாட்டி சாயங்காலம் ஒருக்கா இவுகளயே அடிக்கச் சொல்றேன். உங்களுக்கு அண்ணன் மொகம் வருமில்ல?”

முன்பின் தெரியாத ஒருத்தி. அவளுக்கு எப்படி அது புரிந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “நீ நல்லா இருப்ப தாயி. அதுக்காக அடுத்தவ புருசன் எனக்கு எதுக்கு மிஸ்டு கால் விடணும்? வேண்டாம். நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றே முத்துவைக் கூப்பிட்டு, தன் கண் முன்னாலேயே அந்த நம்பரை எடுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் போனைத் தொடவே இல்லை, வந்தால் எடுப்பதைத் தவிர.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவே என்னைக் கூப்பிட்டாள்.

“ஏத்தா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்கிர மாட்டியே? ஒன் நம்பருக்கு ஒங்கப்பா படத்தப் போட்டுவிடச் சொல்லு முத்துகிட்ட.”

“அப்ப என் படம்?”

கேட்டு முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அந்தக் கறுப்பு அங்கிப் படம் அப்படி. அது அம்மாவின் திரையில் விரியும்போது ஜீப்பில் உள்ள எல்லாரும் பார்ப்பார்கள், ‘ஒம் மகளா?’ என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மலையில் காய் எடுக்கும் கைகளுக்கு நடுவே நான் அப்படி ஒளிர்ந்துகொண்டிருந்தேன். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். “ஒன்னையப் படம் பாத்துத்தான் எனக்குத் தெரியணுமா? ஒன் கொரல் தெரியும், ஒன் மூச்சுத் தெரியும். நீ அவுக பிள்ள. நீ கூப்பிட்டா அவுக வந்துட்டுப் போகட்டும். எடுத்தா நீ இருப்ப. வேற ஆளு இருக்க மாட்டாங்க.”

முத்து மாற்றிக் கொடுத்தான். ‘பாத்தியாக்கா, உன்னய ஓரம்கட்டிட்டா’ என்று ஒரு செய்தியும் அனுப்பினான். நான் பதில் அனுப்பவில்லை. எனக்குச் சரியாக ஒரு நாள் வருத்தமாக இருந்தது.

இப்போது நான் கூப்பிட்டால் அம்மா உடனே எடுப்பதில்லை. மணி போய்க்கொண்டே இருக்கும். மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் யாழினி, “ஓமா ஏன் எடுக்கல?” என்பாள். “எடுப்பாங்க. அவசரமில்ல” என்பேன். எதற்கு என்று அவளுக்கு இப்போது சொல்லிப் புரியவைக்க முடியாது.

அதைத் தவிர இன்னொன்று நடக்கிறது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஊரில் பொழுது சாயும் நேரம் எனக்கு மத்தியானம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்திருப்போம். சட்டைப் பையில் போன் அதிரும். ‘அம்மா’ என்று வரும். முதல் தடவை, என்னமோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்துவிட்டேன்.

“என்னம்மா? என்னாச்சு?”

“ஒண்ணுமில்லத்தா.” அந்தப் பக்கம் கூச்சம். “வெளக்கு வச்சேன். சும்மாதான். நீ வேலயப் பாரு, வையி.”

வைத்த பிறகுதான் விளங்கியது, அவள் தொட்டது அப்பாவின் படத்தை என்று. அவசரமாக இருந்தால் முத்துவை விட்டுக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அந்த நேரத்து அழைப்பை நான் எடுப்பதில்லை. நான்கைந்து முறை அதிரும், தானாக நிற்கும்.

நேற்றும் அதிர்ந்தது. என்னோடு படுக்கை விரித்துக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் கையை நிறுத்திவிட்டு, “உன் பையில் போன். வீட்டிலிருந்து இருக்கும். எடுத்துப் பேசிவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

அந்த மொழியில் இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னேன்.

“எனக்கு இல்லை. என் அப்பாவுக்கு.”